பாங்கு நேரத்தில் அறுந்த படம்

மருதமுனைப் பிரதான வீதியில் இருந்த ஒரு நெட் கடையில் நான் வேலை செய்த காலம் அது. யுத்தம் முடிந்து, வீதித் தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஊருக்குள் நல்ல இன்ரநெட் லைன் வரத் தொடங்கியிருந்தது. கல்முனையில் கம்பியூட்டர் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அந்தச் சான்றிதழை விட என் வாய் நீளம் என்று உம்மா சொல்வார். கடைக்கு வருகிறவர்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவையும் புருசனையும் திரையில் காட்டுவதுதான் என் வேலை. முதல் தடவை பார்க்கிறவர்கள் திரைக்குக் கிட்டப் போய் ஊதுவது போலக் கதைப்பார்கள். "தள்ளி இருந்து கதைங்க, அவருக்கு உங்கட மூக்குத்தான் தெரியுது" என்று நான் அதட்டுவேன். ஒருவரும் கோபித்ததில்லை. கடைக்காரியிடம் கோபித்தால் படம் வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

என் மாமா, உம்மாவின் தம்பி, கட்டாரில் மேசன் வேலை செய்தார். சுனாமிக் கடல் வந்த அந்தக் காலையில் கரையோரத்தில் இருந்த அவருடைய வீடும் போனது, மாமியும் போனார். அடுத்த வருசமே மகளை எங்கள் உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு ஒரு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே மாமா அங்கே யார் யாருக்கோ மாடி மாடியாகக் கட்டினார், அந்தச் சம்பளத்தில் இங்கே எங்கள் வளவுக்குப் பக்கத்தில் மகளுக்கு வேறொரு மேசனைக் கொண்டு வீடு கட்டுவித்தார். அந்த வீட்டில் ஒரு கல்லைக்கூட அவர் தன் கையால் வைக்கவில்லை. முடிந்த வீட்டைக் கண்ணால் கண்டதுமில்லை.

அந்த மகள், எனக்கு மச்சி, என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். அவளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை சரிவந்தபோது மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. வாப்பாவின் இடத்தில் இருந்து மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து மகளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பைத் தனக்கு மூத்த காக்காவிடம், எங்கள் பெரிய மாமாவிடம் ஒப்படைத்துப் போனில் சொல்லிவிட்டார். அதன் பிறகு என்னோடு கதைக்க வேண்டும் என்றார்.

"மார்க்கத்துக்குக் கொறையில்ல, மகள். என்ட கண்ணுக்குத்தான் கொறை" என்றார். "நீ கம்பியூட்டர் படிச்ச புள்ளதானே. என்னத்தச் செஞ்செண்டாலும் அவன் கை குடுக்கிற நேரம் என்னையும் அந்தப் பந்தலுக்குள்ள கொண்டு போய் வெச்சிரு."

"அதென்ன மாமா பெரிய வேல" என்றேன் நான்.

வேலை பெரியதுதான். கல்யாண வீட்டில் லைன் இல்லை. கையடக்கமான டொங்கிள் ஒன்றைக் குத்திப் பார்த்தேன். மாமாவின் முகம் உடைந்த ஓட்டுத் துண்டுகளாக வந்தது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆகவே கடையிலிருந்தே வயர் இழுப்பது என்று முடிவெடுத்தேன். முதலாளி நல்ல மனுசன், சுருள் சுருளாக வயர் தந்தார். என் காக்கா கூரை கூரையாக ஏறினார். நான் கீழே நின்று வழி சொன்னேன். "நீ ஏறன் பாப்பம்" என்று அவர் மேலே இருந்து கத்தினார். "கம்பியூட்டர் படிச்சவ கூரையில ஏறுறல்ல" என்று நான் கீழே இருந்து கத்தினேன்.

இந்த வயருக்கு ஒரு குணம் உண்டு. நூறு மீற்றர் தாண்டினால் களைத்துப் போய்விடும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதற்குக் கரண்ட் கொடுத்து, வந்ததை வாங்கி மறுபடி அனுப்ப வேண்டும். அளந்து பார்த்தால் அந்த இடம் எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சாச்சியின் வீட்டில் வந்து நின்றது.

சாச்சி உறவுமுறையில் சின்னம்மா இல்லை, இறந்துபோன மாமியின் சிநேகிதி. தறி நெய்கிறவர். முன்வீட்டு அறை முழுவதையும் தறி பிடித்துக்கொண்டிருக்கும். தறிக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம். பிளக் அந்தச் சுவரில்தான் இருந்தது. பெட்டியை அங்கே ஒரு முக்காலியில் வைத்தோம். பச்சை லைட்டுகள் மின்னத் தொடங்கியதும் சாச்சி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன மகள் செய்யிற?"

"இதுக்குள்ளாலதான் சாச்சி படம் போகும். கட்டாருக்கு."

"கலியாணம் முழுக்க இதுக்குள்ளாலயா போகும்?"

"ஓம் சாச்சி. புள்ளைகள கிட்ட உடாம பாத்துக்கங்க. ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"நீ போ. ஒரு ஈயும் கிட்ட வராது" என்றார். தான் நெய்த புத்தம் புதுக் கைலேஞ்சித் துணி ஒன்றை எடுத்து, தூசு படாமல் பெட்டியை மூடினார். சூடாகிவிடும் என்று சொல்லி நான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்தை வெள்ளிக்கிழமை வைத்ததே மாமாவுக்காகத்தான். அங்கே அவருக்கு அன்று லீவு. பின்னேரம் அஸர் தொழுது வந்ததும் பந்தலில் காவின் எழுதிக் கல்யாணத்தை முடிப்பது என்று பேச்சு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மாமா அங்கே வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய் வந்த நேரம் பார்த்து நான் மடிக்கணினியைத் திறந்தேன். நீல நிறச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, பின்னால் இரும்புக் கட்டில்கள் இரண்டு. மாமா வந்துவிட்டார். அறையில் கூட இருக்கும் ஆட்கள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மணப்பெண்ணைக் காட்டப் போனேன். பெண்கள் இருக்கும் அறைக்குள் கெமராவோடு போகக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாமா அங்கே கூட்டாளிகள் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டி, அப்படியும் ஆறுதல் இல்லாமல் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். மச்சி தலையில் பூவும் கழுத்தில் நகையுமாக இருந்தாள். மாமா திரைக்குக் கிட்டக் குனிந்து, "உம்மாட மொகம்" என்றார். மச்சி அழுதால் மை கரைந்துவிடும் என்று நான் கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து வீடு. "காட்டு, காட்டு" என்று அவசரப்படுத்தினார். வயர் எட்டும் தூரமெல்லாம் கொண்டு போனேன். மேசன் மேசன்தான். "அந்த ஜன்னல் ஏன் ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கு? படிக்கட்டு ஒசரம் பத்தாது. யாருகா இந்தச் சுவருக்குப் பூசின?" என்று ஆரம்பித்தார். உம்மா இடையில் புகுந்தார்.

"நீ கலியாணம் பாக்க வந்தியா, ஊடு கட்டுற கொந்தராத்துப் பாக்க வந்தியா?"

"இல்ல ராத்தா, சும்மா கேட்டன். ஊடு நல்லாத்தான் இரிக்கி" என்று மாமா அடங்கினார். ஆனால் கண் அந்த ஜன்னலிலேயே இருந்தது.

பிறகு மாப்பிள்ளை ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தினேன். மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள். இருவருக்கும் வெட்கம். சுகம் விசாரித்தார்கள், வெயில் விசாரித்தார்கள், அதற்கு மேல் கதை வரவில்லை. கடைசியில் மாமா சொன்னார்:

"மகன், நான் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள கை குடுங்க. அது போதும் எனக்கு."

"ஓம் மாமா" என்றார் மாப்பிள்ளை. இந்த ஆள் வாயில்லாப் பூச்சி, மச்சி பாடு சுகம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்கு எழும்பினார்கள். நான் சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறேன், மாமா பாதி வாய் திறந்தபடி அப்படியே நிற்கிறார். கண்ணும் பாதி மூடியிருந்தது. ஏதோ சொல்ல வந்து பிடித்து வைத்த மாதிரி. பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன். அந்த முகம் அசையவே இல்லை என்று கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த முகமும் போய், கறுத்த திரை வந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கணினியை அணைத்துப் போட்டேன். வயரைக் கழற்றிப் பூட்டினேன். முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் பள்ளியில் இருந்தார், போன் மூடியிருந்தது. உம்மாவின் போன் அடிக்கத் தொடங்கியது, மாமா. "படம் நிண்டுட்டாம், படம் நிண்டுட்டாம்" என்று உம்மா எனக்கே திருப்பிச் சொன்னார். எனக்குத் தெரியாத செய்தி பாருங்கள்.

முதலாளிதான் தொழப் போகும்போது கடையைப் பூட்டிக் கரண்டையும் நிற்பாட்டிவிட்டார் என்று அடித்துச் சொன்னேன். கல்யாணச் சாரியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடினேன். கதவு பூட்டித்தான் கிடந்தது. இடுக்கால் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே லைட்டுகள் எல்லாம் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தன. பாவம் அந்த மனுசன், வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

திரும்பி வரும்போது வயரைப் பார்த்தபடி வந்தேன். இந்தக் கூரை, அந்த மதில், முருங்கை மரம், எங்கும் அறுந்திருக்கவில்லை. அது கடைசியில் சாச்சியின் ஜன்னலுக்குள் நுழைந்தது. நானும் நுழைந்தேன்.

பெட்டி இருண்டு கிடந்தது. சுவரில் சுவிட்ச் மேலே தள்ளப்பட்டிருந்தது. அதற்கு முன்னால், தறிக்கும் சுவருக்கும் இடையில் பாயை விரித்து, வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டு, சாச்சி அஸர் தொழுதுகொண்டிருந்தார்.

தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் போக வழியில்லை, தறி. பக்கத்தால் கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு விரல்கடை தூரத்தில் என் மாமாவின் கண் மூடிக் கிடக்கிறது, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாச்சி எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. நெய்வதும் நிதானம், கதைப்பதும் நிதானம், தொழுவது அதைவிட நிதானம். அவர் ருக்கூஉவுக்குக் குனிந்தபோது இனி முடியப் போகிறது என்று நினைத்தேன். பார்த்தால் அது நாலில் இரண்டாவது ரக்கஅத்துத்தான். யா அல்லாஹ், என்று மனதுக்குள் நானும் ஒரு தொழுகை தொழுதேன். பந்தல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கதிரைகளை இழுக்கிறார்கள். கல்யாணப் பதிவுகாரர் தொண்டையைச் செருமுகிறார்.

சாச்சி வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திரும்பும்போது என்னைக் கண்டார். ஸலாத்தை முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"என்னகா மகள், கலியாண ஊட்ட உட்டுட்டு இஞ்ச நிக்காய்?"

"சாச்சி, சுவிச்ச ஆரு நிப்பாட்டின?"

"நான்தான். பாங்கு சொல்லக்குள்ள படம் ஓடப்படாதே. அதான் நிப்பாட்டி வெச்சன்" என்றார். நல்ல வேலை செய்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

பாங்கு கேட்டால் எங்கள் ஊரில் டிவியை நிற்பாட்டாத வீடு இல்லை. எங்கள் வீட்டில் நானே எழும்பி நிற்பாட்டுவேன். இதற்குள்ளால்தான் படம் போகிறது என்று அவருக்குச் சொன்னதும் நான்தான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"சாச்சி, இத நிப்பாட்டினா மாமாக்கு ஒண்டும் தெரியா. அவர் அங்க இருட்டுக்குள்ள இரிக்கார்" என்றேன்.

சாச்சியின் முகம் மாறியது. "அல்லாஹ், வாப்பாட கண்ணயெல்லோ நான் மூடிட்டன்" என்று முழங்காலிலேயே நகர்ந்து போய்ச் சுவிட்சைத் தட்டினார். பச்சை லைட் ஒன்று வந்தது, மற்றது வந்தது. பிளக் கொஞ்சம் ஆட்டமாக இருந்ததால் லைட்டுகள் நடுங்கின. அவர் அதைக் கையால் அமர்த்திப் பிடித்தார், நடுக்கம் நின்றது.

"நான் இத உடமாட்டன். நீ ஓடு" என்றார்.

பின் வளவால் ஓடினேன். கிணற்றடியில் மாப்பிள்ளை நின்றார். புதுச் சாரனும் தொப்பியுமாக, முழங்கை வரை நனைந்து, கையில் வாளி. பக்கத்தில் என் காக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு துவாயோடு நின்றார்.

"மாமா வந்துட்டாரா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"இப்ப வருவார்" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

நடந்ததைக் காக்கா பிறகு சொன்னார். பள்ளியால் வந்த மாப்பிள்ளை கறுத்த திரையைக் கண்டாராம். பதிவுகாரர் இருக்கச் சொன்னதும், ஒழு முறிந்துவிட்டது, மறுபடி கை கால் கழுவி எடுத்துவிட்டு வருகிறேன் என்றாராம். காவினுக்கு ஒழு கட்டாயமில்லை மகன் என்று பதிவுகாரர் சொல்ல, "மனசு கேக்குதில்ல" என்று கிணற்றடிக்குப் போனவர்தான். போய், எடுத்து, திரும்பி வந்து, திரையைப் பார்த்து, சந்தேகமாக இருக்கிறது என்று மறுபடி போனாராம். அக்கரைப்பற்று ஆட்கள் இவ்வளவு பேணுதலா என்று பதிவுகாரர் வியந்துபோயிருந்தார். வாயில்லாப் பூச்சி என்று நினைத்தேனே, எனக்கு அவர் மேல் அந்த நிமிடத்தில் வந்த பாசம் இன்றுவரைக்கும் குறையவில்லை.

மாமா வந்தார். இந்த முறை அறை நிறைய ஆட்கள். கட்டிலில், தரையில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, முன்னால் மாமா. ஒருவருக்கும் அவரிடம் எதையும் விளக்க நேரமில்லை. பெரிய மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாப்பிள்ளை தெளிவாக, பந்தல் முழுவதற்கும் கேட்கும்படி, "கபில்து" என்றார். ஏற்றுக்கொண்டேன் என்று. உள்ளே பெண்கள் குரவை போட்டார்கள். எல்லார் தலையும் ஒன்றாகத் திரையின் பக்கம் திரும்பியது.

மாமாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் இன்னும் முன்னால் சாய்ந்து, வாயை இறுக்கிக்கொண்டு, பெரிய மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் அவ்வளவு தூரம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் எப்படியோ பந்தலில் எல்லாருக்கும் விளங்கியது. குரவை அடங்கியது. கதிரைகள் அசையவில்லை. பதிவுகாரரும் பேனையைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்தார். எங்கள் சந்தோசம் எங்களிடம் முடிந்து, அவரிடம் போய்ச் சேருவதற்காக நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

அது போய்ச் சேர்ந்தது. மாமாவின் வாய் திறந்தது, இரண்டு கையும் முகத்துக்குப் போனது, பின்னால் இருந்தவர்கள் அவரைக் கட்டிப் பிடித்தார்கள். நாங்கள் போட்டு முடித்த குரவை அங்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும், ஒரு தடித்த குரல்காரர் அதே மாதிரிப் போட்டுப் பார்த்தார். அது மாடு கத்துவது போல வந்தது. பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. உம்மா மட்டும் அழுதுகொண்டே சிரித்தார்.

அதன் பிறகு யாரும் கணினியை மூட விடவில்லை. மாப்பிள்ளை தானே அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இறங்கிய ஜன்னலை மாமாவுக்குக் கிட்டக் காட்டினார். அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று மாமா அங்கிருந்து கையால் அளந்து சொன்னார். இடையில் படம் ஏன் நின்றது என்று கேட்டார், சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"நம்மட பள்ளிப் பாங்கு கேட்டிச்சி, மகள். பதில் சொல்ல வாயத் தொறந்தன், அறுந்துட்டு. இஞ்ச வந்த நாளையில இருந்து அந்தச் சத்தம் கேட்டதில்ல."

பாதி திறந்த அந்த வாய்க்கு அதுதான் அர்த்தம். நாங்கள் சிரித்த வாய்.

அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பொழுது பட்டு மஃரிபு நெருங்கிவிட்டது. எனக்குத் திடீரென்று சாச்சியின் ஞாபகம் வந்தது. அவர் இன்னும் கல்யாண வீட்டுக்கு வந்திருக்கவில்லை. மஃரிபுக்குப் பாங்கு தொடங்கவும் நான் பக்கத்து வீட்டுக்கு ஓடவும் சரியாக இருந்தது.

சாச்சி அதே பாயில், சுவரில் சாய்ந்து, அதே வெள்ளைத் துணியோடு இருந்தார். கை பிளக்கில் இருந்தது. அஸரிலிருந்து அதை விடவே இல்லை. தன் சிநேகிதியின் மகளுடைய காவினை அவர் பார்க்கவில்லை, குரவைச் சத்தத்தை மட்டும் ஜன்னலால் கேட்டிருக்கிறார். பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மற்றக் கையால் பொறு என்று காட்டினார். இடைவெளி வந்தபோது சொன்னார்:

"நிப்பாட்டல்ல மகள். அவர் பாக்கட்டும். சத்தத்த மட்டும் கொறைக்கச் சொல்லு."

திரும்பி ஓடிவந்தேன். பந்தலில் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். திரையில் மாமா துவாயைத் தலையில் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு வயர் இழுத்துப் பிடிக்கும்வரை பள்ளிப் பக்கமாகப் போய், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாங்கு எங்களுக்கு முடிந்துவிட்டது. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவருடைய உதடு அசைந்து முடியும்வரை ஒருவரும் கதைக்கவில்லை.